வால்வின் மேல் இருந்த கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கையோடு, ஜலாலுதீன் பாய் தன் மச்சினன் மைதீனைப் பார்த்து, "இன்னொரு தபா ஸ்டீரிங்ல கை வெச்சேன்னு கேள்விப்பட்டேன், கால ஒடிச்சிடுவேன்" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மைதீனின் கால் ஒடிந்தது.

காலை ஒடிப்பேன் என்று சொல்லாத அப்பனோ அண்ணனோ செங்கல்பட்டில் உண்டா? நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் காலும் ஒடியவில்லை. ஒடிந்திருந்தால் என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

நயா பைசா வந்த வருஷம் அது. நான் பஸ் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பெயர் ராஜாராம். ஜலாலுதீன் பாய் அதே கம்பெனியின் ஷெட்டில் தலைமை ஃபிட்டர். அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே. அவர் மனைவி ஷஹர்பானுவுக்குப் பிள்ளை இல்லை. கோவளத்தில் இருந்த தன் தம்பி மைதீனை வரவழைத்து, பிள்ளையைப் போல வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வயது இருபத்து நாலு. ஷெட்டில் பாய்க்குக் கீழே எடுபிடி வேலை. மனசெல்லாம் டிரைவர் சீட்டின் மேல். மாவலிபுரம் பஸ்ஸின் டிரைவரை எப்படியோ பிடித்து, திருக்கழுக்குன்றம் தாண்டி ஜனங்களோடு சேர்த்து பஸ்ஸை ஓட்டிப் பார்த்திருக்கிறான். உப்பு வண்டி ஒன்று மயிரிழையில் தப்பியது. லைசென்ஸ் கிடையாது. அந்தச் சேதி வந்துதான் பாய் அப்படிக் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

இனி ஷெட்டில் பஸ் சக்கரம் தூக்க வைத்திருந்த எண்ணெய் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லாவரத்தில் மிலிட்டரிக்காரர்கள் தள்ளிவிட்ட சாமான்களோடு அது வந்தது. தரையோடு தரையாக ஒரு இரும்புச் சட்டம், அடியில் நாலு குட்டிச் சக்கரம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளையும் பஸ் சக்கரத்தின் அடியில் இருபுறமும் நுழைத்து, பின்னால் உள்ள பிடியைப் பம்பு அடிப்பது போல மேலும் கீழும் ஆட்டினால், உள்ளே எண்ணெய் ஏறி, நாலு அந்தர், அதாவது இருநூறு கிலோ, கனமுள்ள இரட்டைச் சக்கரம் சத்தமில்லாமல் மேலே வரும். பிடியின் அடியில் குமிழ் போல ஒரு வால்வு. அதைத் திருகினால் எண்ணெய் திரும்பிப் போய்ச் சக்கரம் இறங்கும். சக்கரம் சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு கம்பம், அதிலிருந்து டயரைச் சுற்றி மாட்ட ஒரு சங்கிலி.

அது வருவதற்கு முன்னால் அந்த வேலைக்கு ஐந்து ஆள் வேண்டும். மாவலிபுரம் பஸ்ஸுக்குக் கடற்கரை மணலும் உப்புக்காற்றும் பிரேக் டிரம்முக்குள் புகுந்துகொள்ளும். மாசத்துக்கு ஒருமுறையாவது பின் சக்கரத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். கடப்பாரையும் தோளுமாக ஐந்து பேர் முக்கி முனகுவார்கள். எண்ணெய் வண்டி வந்தபின் பாயும் மைதீனும் இரண்டே பேர் போதும் என்றானது. கூட வேலை செய்த கண்ணாயிரத்துக்கு அது பிடிக்கவில்லை.

"தண்ணி மாதிரி கீது எண்ணெ. அத்த நம்பி இவ்ளோ கனம் தூக்கறியே பாய்" என்பான்.

"எண்ணெய யாரு நம்பச் சொன்னாங்க? எண்ணெ தூக்கும், அவ்ளோதான். புடிச்சிகினு இருக்கறது சங்கிலி. சங்கிலி மாட்டாம பம்பத் தொடாத. பஸ்ஸுக்கு அடியில கட்ட வெக்காம இத்த உள்ள தள்ளாத. சக்கரத்த வெளிய இழுத்தியா, மொதல்ல எறக்கு, அப்பால நவுத்து. அது சாஞ்சா புடிக்கப் போவாத, வுட்டுட்டு ஓடு."

இதைப் பாய் மைதீனிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்கே மனப்பாடம்.

அந்தத் திங்கட்கிழமை மாவலிபுரம் பஸ் மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். ஆனி மாசத்து வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நான் போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து சக்கரம் வெளியே வரும் சத்தம் கேட்டது. அடுத்து, "ஏய், தள்ளிப் போ, தள்ளிப் போ!" என்று பாயின் குரல். அப்புறம் தரை அதிர்ந்தது. மைதீன் போட்ட அலறலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஓடிப் போய்ப் பார்த்தால் சக்கரம் அவன் வலது காலின் மேல் சாய்ந்து கிடந்தது. கடப்பாரை கொடுத்து நெம்பி எடுத்தோம். பாயே அவனைத் தூக்கி ஜட்காவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, கணுக்கால் நொறுங்கிவிட்டது. நடப்பான், நொண்டி நொண்டித்தான் நடப்பான், பெடலை அழுத்தும் வேலை இனி ஆகாது என்றார் டாக்டர்.

கூட்டம் கலைந்த பிறகு எண்ணெய் வண்டியின் அருகே அறுந்து கிடந்த ஒரு தேங்காய்நார்க் கயிற்றைப் பார்த்தேன். கம்பத்தில் சங்கிலி இல்லை. தினமும் காலையில் ஷெட்டுச் சாமான்களைப் பார்வையிடுவது என் வேலை. ஒரு வாரமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. கயிற்றை எடுத்துச் சுருட்டிக் கழிவுப் பஞ்சுக் கூடையின் அடியில் போட்டேன். அதைச் செய்தவன் நான்தான். இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லார் வாயிலும் வேறு பேச்சு. "வுழற சமயத்துல பாய் கை வால்வு மேல இருந்துச்சி. என் கண்ணால பார்த்தேன்" என்றான் கண்ணாயிரம். அவன் பொய் சொல்கிறவன் அல்ல. மதியம் டீக்கடையில் அது "பாய் வால்வைத் திறந்தார்" என்று ஆனது. சாயங்காலம் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் போனவர்கள் "சொல்லிவிட்டுத் திறந்தார்" என்றார்கள். மறுநாள் என் மனைவி அம்சா குழாயடியிலிருந்து கொண்டுவந்த செய்தி, "சிரிச்சிகினே தொறந்தாராம்."

"நீ நம்பறியா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம சொன்னது என் காதுல வுழுந்துச்சே. எப்டி நம்பாம இருக்கறது?"

நானும் நம்பினேன். சங்கிலி இல்லை என்று தெரிந்த நானே நம்பினேன். சங்கிலியைக் கழற்றி ஒளித்ததும் பாய்தானோ என்று கூட நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டால் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நாலாம் நாள் மைதீனைக் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். பார்க்கப் போனேன். ஷஹர்பானு நன்றாகப் பேசுகிறவள். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு நாஸ்தா ஆயிற்றா என்று கேட்கும் சுபாவம். அன்று என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தம்பிக்கு நோன்புக் கஞ்சி மாதிரி குழைய வைத்த கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். பாய் வந்தார். கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"வேணாம். நான் குடுத்துக்கறேன்" என்றாள், அவர் முகத்தைப் பாராமலே.

"கொல்லப் பக்கம் இட்டுகினு போவணும்னான். நான் தூக்கறேன்."

"கண்ணாயிரம் அண்ணன் வரேன்னு சொல்லிகீது. நீங்க தொடாதீங்க."

பாய் கையை இழுத்துக்கொண்டார். கரகரவென்று தாடியைச் சொறிந்தபடி நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய், தானே தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, நெத்திலிக் கருவாட்டு ஆணத்தை ஊற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் தானே சோறு போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அவர்கள் சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. ஒருநாள் காலை மட்டும், வாசலில் நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் குரல் கேட்டது.

"ஒரு வார்த்த சொல்லுங்க. வால்வ தொறந்தீங்களா இல்லியா?"

"தொறந்தேன்."

"ஏன்?"

அவர் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"ஏன்னு கேக்கறேன்."

"வேலைக்கி நேரமாவுது பானு."

"மேனேஜர் ஐயா பக்ரீதுக்கு ரெண்டு நாள் முன்ன விசாரிக்கப் போறாராமே. அங்க சொல்வீங்க இல்ல, அத்த எனக்குச் சொல்லுங்க. இல்லன்னா நான் இவன இட்டுகினு கோவளம் போறேன். திரும்பி வர மாட்டேன். அல்லா மேல ஆணையா வர மாட்டேன்."

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் கம்பியை மும்முரமாகத் துடைத்தேன்.

விசாரணைக்கு முந்திய நாள் சாயங்காலம் மைதீனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். குற்றமுள்ள நெஞ்சு பழம் வாங்கச் சொல்கிறது. பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஷஹர்பானு கொல்லையில் பக்ரீது ஆட்டுக்குப் புளியந்தழை போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கிடா. அதன் கழுத்திலிருந்து முருங்கை மரம் வரை ஓடிய சங்கிலியில் மஞ்சள் பெயிண்ட் அடித்த அகலமான கொக்கி இருந்தது.

எண்ணெய் வண்டிக்காக அந்தக் கொக்கிக்குப் பெயிண்ட் அடித்தவனே நான்தான்.

"இன்னா அண்ணே, ஆட்ட அப்டி பாக்கறீங்க?"

"நல்ல ஆடு" என்றேன்.

"நீங்க ஆட்ட பாக்கல."

பத்து நாளாக யாரையும் நம்பாமல் யார் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவளிடம் நான் எதை மறைக்க?

"இந்தச் சங்கிலி ஏது தங்கச்சி?"

"ஆடு கவுத்த கவுத்த கடிச்சி பேஜாரு பண்ணிச்சி. மைதீன்கிட்ட ஒரு சங்கிலி கெடச்சா கொண்டாடான்னேன். எங்கியோ பழசு கெடந்துச்சின்னு கொண்டாந்தான். ஏன்?"

சொல்லிவிட்டேன். சங்கிலி எங்கே மாட்ட வேண்டியது, அது இல்லாத இடத்தில் அன்று என்ன கட்டியிருந்தது, அறுந்த கயிற்றை நான் எங்கே போட்டேன், எல்லாம். அவள் கையிலிருந்த தழை அப்படியே இருந்தது. ஆடு அதை இழுத்துத் தின்றது.

"கவுத்த கட்டுனது யாரு?"

"பாய்தான் கட்டியிருக்கணும். அவரு பார்க்காம பம்பைத் தொட மாட்டாரு."

"அப்போ சங்கிலி எங்க போச்சின்னு அவருக்குத் தெரியும். அன்னாடம் இந்தக் கொல்லையிலதான மொகம் கழுவறாரு." கையைப் புடவையில் துடைத்தாள். "என் தம்பிக்கும் தெரியும். நீங்களும் வாங்க அண்ணே. அவன் முன்னாடி நில்லுங்க."

முன்னறையில் மைதீன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கட்டில் அருகே போய் நின்றாள்.

"ஆட்டுச் சங்கிலி ஷெட்டு சாமானாடா?"

அவன் என்னைப் பார்த்தான். அழுகை வந்துவிட்டது.

"மச்சான்தான்க்கா சொன்னாரு. ஜட்காவுல போவும்போதே சொல்ட்டாரு. சங்கிலி பேச்சே எடுக்காத, திருடிட்டன்னு வேலய வுட்டு தூக்கிடுவாங்க, தான் சங்கிலி கேட்டதாலதான் இப்டி ஆச்சின்னு தெரிஞ்சா ஒன் அக்கா ஒடிஞ்சி பூடுவான்னாரு."

"அவரு சொன்னாரு. நீ எங்கிட்டயுமா சொல்லக் கூடாது? பத்து நாளா அந்த மனுசன் சொவுத்த பாத்துகினு சோறு துன்றாரு. நீ பாத்துகினுதான படுத்துகினு இருந்த?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஊர்ல அவங்களா சொல்லிகினாங்க."

"இல்லன்னு சொன்னியா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆனா வால்வ தொறந்தது நெஜம்க்கா. என்னியப் பாத்துகினே தொறந்தாரு. அத்த நான் பாத்தேன்."

ஷஹர்பானு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என் வீட்டுக்கு வந்தேன். அம்சா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேனேஜர் வெங்கடராகவன் ஷெட்டுக்குள் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரர், ஆனால் பொறுமை குறைச்சல். கண்ணாயிரம் தான் கண்டதைச் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"என்னப்பா ஜலாலுதீன், திறந்தது வாஸ்தவமா?"

"ஆமாங்க."

"முந்தின வெள்ளிக்கிழமை அவன் காலை ஒடிப்பேன்னு சொன்னது?"

"சொன்னேங்க."

"வேணும்னு செஞ்சியா? வாயைத் திறந்து சொல்லு. நீ பேசாம நின்னா நான் போலீஸுக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

பாய் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். சரக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வாசல் பக்கம் பார்த்த கண்ணாயிரம், "யம்மா" என்றான்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஷஹர்பானு வந்துகொண்டிருந்தாள். அந்த ஷெட்டுக்குள் அதற்கு முன் ஒரு பெண்பிள்ளை காலடி வைத்ததில்லை. நேரே எண்ணெய் வண்டியிடம் போனாள். துப்பட்டிக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"இது ஒங்க சாமான். ஆட்ட கட்டறதுக்கு நான் கேட்டேன், என் தம்பி எடுத்தாந்தான். ஒங்க சாமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச இவரு கவுத்த கட்டி வேல செஞ்சாரு. அத்த சொன்னா அவன் வேல பூடும்னு வாய மூடிகினு கீறாரு."

மேனேஜர் சங்கிலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இனி மென்று விழுங்கிப் பயனில்லை. எழுந்து, கயிற்றைக் கூடையில் போட்டதைச் சொன்னேன். "உம்மை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றவர் பாயின் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, சங்கிலி இல்லாம தூக்கலாமா? நீதானே ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன்?"

"தூக்கக் கூடாதுங்க. ரெண்டு மணி பஸ்ஸு நின்னுடும்னு தூக்கிட்டேன். புதுக் கவுறு, தாங்கும்னு நெனச்சேன். அந்தத் தப்பு என்துதான். எனக்கு இன்னா தண்டன குடுத்தாலும் சரி."

"வால்வு?"

"சக்கரத்த வெளிய இழுத்ததும் கவுறு அறுந்துடுச்சி. ஒரு சாண் ஒசரத்துல நின்னுகினு இருந்துச்சிங்க. அங்கேர்ந்து வுழறதுக்குப் பதிலா எறங்கி வுழட்டும்னுதான் தொறந்தேன். தள்ளிப் போடான்னு கத்தனேன். அவன் புடிக்க வந்தான்."

"மேலேர்ந்து வுழுந்திருந்தா தொடையில வுழுந்திருக்கும்" என்றான் கண்ணாயிரம், தனக்குத்தானே பேசுவது போல. "நான் கையத்தான் பாத்தேன் சாமி. எதுக்குன்னு பாக்கல."

மேனேஜர் முடித்துவிட்டார். மைதீனுக்கு இனி அங்கே வேலை கிடையாது. சாமானை எடுத்தவன் எடுத்தவன்தான். பாயை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். போலீஸ் பேச்சு இல்லை. கண்ணாயிரம் பாயின் தோளைத் தொட்டான். தொட்டவன் அழுதுவிட்டான்.

மூவரும் ஒரே தெருவுக்குப் போகிறவர்கள். பாய் முன்னால், ஷஹர்பானு நாலடி பின்னால், அதற்கும் பின்னால் குடையோடு நான். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் ஊர்ந்தது. கேட்டில் கேட்காரனையும் எங்கள் மூவரையும் தவிர ஒருவரும் இல்லை. வண்டி போய் முடிந்த பிறகும் பாய் நகரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் அவள். "மேனேஜர் ஐயாகிட்ட சொன்னீங்களே, எறக்கறதுக்குத் தொறந்தேன்னு. அத்த என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எவ்ளோ கேட்டேன்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

பாய் தலையை ஆட்டினார். கேட்காரன் கேட்டைத் தூக்கினான். இருவரும் அசையவில்லை. நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன், காதை மூட முடியவில்லை.

"அதுக்கோசரம் இல்ல பானு" என்றார் பாய். "எறக்கறதுக்குத்தான் தொறந்தேன்னு அங்க சொன்னேன். அதான் வழி, எவனும் அதான் செய்வான். ஆனா அந்த நேரத்துல நான் ஒண்ணும் நெனைக்கல. கை தானா போச்சி. கண்ணு அவன் கால பாத்துச்சி, கை தொறந்துச்சி. அந்த எண்ணெ வண்டியில பழகுனவன் நான், பத்து சக்கரம் சாஞ்சாலும் வால்வ மெதுவாத்தான் திருகுவேன். அன்னிக்கி முழுசா திருகிட்டேன். ஏன் திருகினேன்? நானும் பத்து நாளா என் கையயே கேட்டுகினு கீறேன். வெள்ளிக்கெழம அப்டி சொன்ன வாயி என்துதான. எனக்கு என் மேலயே சந்தேகமா கீது. அத்த எப்டி ஒங்கிட்ட சொல்றது?"

ஐம்பது வயது ஆன ஆள் நடுத்தெருவில் நின்று அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஷஹர்பானு துப்பட்டியை விலக்கி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"அங்க சொன்னத நான் நம்பல" என்றாள். "இப்ப சொல்றத நம்பறேன். வாங்க."